பின்கண்ணாடி

என் மகளின் கண்ணுக்குள் போனது என் புருசனுடைய காரின் பின்கண்ணாடி. இதை நான் யாரிடமும் மெதுவாகச் சொன்னதில்லை. ஷெல் அடித்தவனை எனக்குத் தெரியாது. எங்கிருந்து அடித்தான், யாருக்கு வைத்தது எங்கள் வீட்டுக்குக் கிட்ட வாவிக்கரையில் வந்து விழுந்தது என்பதும் தெரியாது. ஆனால் அந்தக் காரின் கூரையைக் கழற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் சாய்த்து வைத்த மனுசனை நன்றாகத் தெரியும். ஆகவே என் கோபம் முழுவதும் அவர் தலையில்தான் விழுந்தது.

கார் ஒரு பழைய எம்.ஜி. இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். தென்னந்தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன வெள்ளைக்காரன் ஒருவனிடம் என் புருசன் வினாயகமூர்த்தி கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை பார்க்கிற மனுசனுக்கு அது எதற்கு என்று என் அப்பா அப்போதே கேட்டார். காரின் துணிக்கூரையை எலி தின்று தீர்த்துவிட்டது. மிஞ்சியிருந்தது மேலே தூக்கி வைத்துப் பூட்டுகிற இரும்புக் கூரை. ஹாட்டொப் என்பார். திருகாணிகளைக் கழற்றினால் முழுக்கூரையும் கையோடு வந்துவிடும். அதன் பின்பக்கத்தில் வளைந்த கண்ணாடி ஒன்று, அதைச் சுற்றிவர ரப்பர். மழைக்குப் போடுவார், வெயிலுக்குக் கழற்றுவார். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, எங்கள் டவுன் புளியந்தீவில் ஒழுங்கைக்கொரு ஆமிக் காவல் சென்றி இருந்த காலத்தில், கூரை இல்லாத காரில் காற்று வாங்கிக்கொண்டு போக எந்தக் குடும்பக்காரனுக்கு மனம் வரும்? இவருக்கு வந்தது.

அன்றைக்கு நளாயினி விறாந்தையில் பாய் போட்டு, அந்தக் கூரைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. ஷெல் விழுந்த சத்தத்துக்கு நான் குசினியிலிருந்து ஓடிவந்தபோது கண்ணாடி பூந்தி மாதிரிப் பாய் முழுக்கக் கிடந்தது. அவள் அழவில்லை. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "அம்மா, உள்ளுக்க என்னமோ கிடக்கு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் கண் டொக்டர் அல்ல. கண் டொக்டர் ஊரை விட்டுப் போய் ஒரு வருசம். இருந்தாலும் இவர் மறைக்காமல் சொன்னார்.

"இந்தக் கண் முடிஞ்சுது, ரீச்சர். இதக் கொழும்புக்குக் கொண்டுபோய் எடுக்கோணும். எடுக்காம விட்டா இதப் பாத்து மற்றக் கண்ணும் கெட்டுப்போகும். ரெண்டு கிழமைக்குள்ள போயிருங்க. தூசி படக்கூடா, காத்துப் படக்கூடா, தலை குலுங்கக்கூடா."

எப்படிப் போவது? ரயில் ஓடவில்லை. பஸ் ஓடியது, ஆனால் சென்றிக்குச் சென்றி எல்லாரும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு புழுதிக்குள் நடந்து, வெயிலில் வரிசையில் நிற்கவேண்டும். வேன் வைத்திருந்தவர்கள், ஒரு பக்கத்தான் கேட்பான் அல்லது மற்றப் பக்கத்தான் பறிப்பான் என்று சில்லைக் கழற்றி ஒளித்து வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் சில்லில்லாமல் கட்டையில் நின்றது. கடைசியில், எந்தக் காரை நான் வாயாரத் திட்டிக்கொண்டு திரிந்தேனோ அந்தக் கார்தான் எங்களுக்குக் கதி என்று ஆனது. அந்த ஆத்திரத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அவர் கூரையை எடுத்துக் காரில் பூட்டினார். கண்ணாடி இருந்த ஓட்டைக்குப் பொலித்தீன் இழுத்து ஒட்டினார். நளாயினியின் தலைக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்துக் கட்டினோம். இரண்டு பேர் இருக்கிற காரில் அம்மாவுக்கு இடமில்லை. நான் கேற்றில் நின்றேன். ஒரு மணித்தியாலம் கழித்துக் கார் திரும்பி வந்தது.

ஊர் எல்லைச் சென்றியில் ஒரு ஆமிக்காரன் பொலித்தீனைத் துவக்கு முனையால் குத்திப் பார்த்திருக்கிறான். பின்னுக்கு நின்று பார்த்தால் உள்ளே ஆர் இருக்கிறார் என்று தெரியவில்லையாம். கண்ணாடி போட்டுக்கொண்டு வா என்றானாம். இவர் பொலித்தீனைக் கிழித்தெறிந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டிருக்கிறார். அவன் பதில் சொல்லமுன் இவருக்கே விளங்கியிருக்கிறது, கார் ஓடும்போது தெருப்புழுதி முழுக்க அந்த ஓட்டையால்தான் உள்ளே இழுக்கும். திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். பிள்ளையின் கட்டுக்கு மேலே அதற்குள்ளேயே புழுதி படிந்திருந்தது.

"கண்ணாடி போடுங்க" என்றேன்.

"ஆர் போடுற? டவுனில ஒருத்தரும் இல்ல. பதியுதீன் இருந்தா..."

அந்தப் பேரைச் சொன்னதும் அவர் நிறுத்திக்கொண்டார். அந்தப் பேர் எங்கள் வீட்டில் ஒரு வருசத்துக்கு மேலாகச் சொல்லப்படவில்லை.

பதியுதீன் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடி ஆள். எங்கள் தெருவில் குஷன் கடை வைத்திருந்தார். கார் சீற் தைப்பது, ஹூட் போடுவது, கண்ணாடி மாற்றுவது எல்லாம் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு பேரும் அந்த எம்.ஜி.யைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, மச்சான் மச்சான் என்று பின்னேரம் மட்டும் எண்ணெய்க் கையோடு திரிவார்கள். பெருநாளைக்கு அங்கேயிருந்து சோறு வரும், பொங்கலுக்கு இங்கேயிருந்து போகும். போன வருசம் ஆவணியில் பள்ளிவாசலுக்குள் தொழுதுகொண்டு நின்றவர்களைச் சுட்டார்கள். அதில் பதியுதீனின் தம்பி உசனாரும் செத்தான். சுட்டவர்கள் தமிழர் என்ற எங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு துவக்குத் தூக்கியவர்கள். அந்தக் கிழமையே பதியுதீனின் கடையும் எரிந்தது. எரித்தவர்கள் எங்கள் தெருவை நன்றாகத் தெரிந்தவர்கள்.

என் புருசன் அந்தச் சாவீட்டுக்குப் போகவில்லை. கல்யாண வீட்டுக்கு ஆயிரம் சாட்டுச் சொல்லிப் போகாமல் விடலாம். கொழுவிக்கொண்டவன்கூடச் சாவீட்டுக்குப் போவான். கோவில் பக்கத்திலும் பள்ளிப் பக்கத்திலும் எங்களுக்கு அது ஒன்றுதான். போங்கள் என்று நான் சொன்னேன். ரோட்டால் போக ஏலாது என்றார். அது உண்மைதான், அந்த நாட்களில் அந்த ரோட்டால் யாரும் போகவில்லை. உண்மை என்று தெரிந்தும் எனக்கு அது ஆறவில்லை.

அடுத்த நாள் காலை நளாயினியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானே வெளிக்கிட்டேன். கல்லடிப் பாலம் மட்டும் பஸ்ஸில் போனேன். அதற்கப்பால் நடந்தேன். காத்தான்குடி எல்லைச் சென்றியில் நின்றவன், "எங்க போற?" என்று கேட்டான். சொன்னேன். அவனே என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நான் நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. அழித்துவிட்டுப் போகலாம் என்று வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு நிமிசம் நினைத்தது உண்மை. பிறகு அந்த நினைப்பு வந்ததற்கே எனக்கு எரிச்சல் வந்தது. பயந்து பயந்துதானே இவ்வளவுக்கு வந்து நிற்கிறோம்.

தெருவில் பேச்சு நின்றது. ஒரு கடைக்காரர் எழும்பி, "ஆர்ர வீட்டுக்கு?" என்றார். பதியுதீன் வீட்டுக்கு என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் எனக்கு முன்னால் நடந்தார். வழி எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் கேற் மட்டும் நடந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பதியுதீனின் பெண்சாதி கைறுன்னிஸா உள்ளே தறியில் நெய்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தறிச்சத்தம் நின்றது. வாங்க என்று சொல்லவில்லை.

"ரீச்சருக்கு இப்ப வழி தெரிஞ்சிதா?"

"முந்தியும் தெரியும்."

"அப்ப வரல்லயே."

"வரல்ல" என்றேன். நியாயம் சொல்லவா அவ்வளவு தூரம் நடந்து வந்தேன்? பிள்ளையின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். கெட்ட கண்ணை எடுக்காவிட்டால் நல்ல கண்ணும் போய்விடும் என்பதை இரண்டு தரம் சொன்னேன், முதல் தரம் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பதியுதீன் பின்பக்கத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். மெலிந்து, தாடி நரைத்திருந்தது.

"வினாயகமூர்த்தி எங்க?"

முழுப் பேரைச் சொன்னார். மச்சான் என்று சொல்லவில்லை.

"வீட்ட."

"நீங்க நடந்து வந்திருக்கிறீங்க. அவன் வீட்ட இருக்கான்."

"அத நான் அவருக்குச் சொல்லிற்றுத்தான் வந்தன்."

பதியுதீன் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் டவுனுக்கு வரமாட்டன். கூரையக் காரோட இங்க கொண்டுவரச் சொல்லுங்க. அவன்தான் கொண்டுவரோணும். வேற ஆளிட்டக் குடுத்தனுப்பினா நான் அதில கை வைக்கமாட்டன். புள்ளைட கண்ணுக்காகச் சொல்லுறன். அவன் வரோணும்."

எனக்கு அந்த நிபந்தனை பிடித்திருந்தது. திரும்பி நடக்கும்போது, வந்ததை விட வேகமாக நடந்தேன்.

வீட்டில் அவர் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். "என்ன அங்க கொன்னுபோட்டிருவாங்க, சீதேவி" என்றார்.

"அப்ப கார அங்க விட்டுற்றுச் சாகுங்க" என்றேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரைக் கெஞ்சியிருக்கமாட்டேன். கெஞ்சினேன் என்று சொல்வதும் பொய். கத்தினேன். கச்சேரியில் பெரியவன் கூப்பிட்டால் ஓடுவீங்க, ஆமிக்காரன் திரும்பு என்றால் திரும்புவீங்க, கூடப்பிறந்தவன் மாதிரி இருந்தவன் கூப்பிட்டால் மட்டும் கால் வராதா என்று கேட்டேன். தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

உள்ளே படுத்திருந்த நளாயினி, "அப்பாவப் பேசாதீங்க அம்மா. நான்தானே அதுக்குக் கிட்டப் படுத்தன்" என்றாள்.

பிழையைப் பிள்ளை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறது, பெரியவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவருக்கும் அது பட்டிருக்கவேண்டும். எழும்பிச் சேட்டைப் போட்டார். ஆணியில் தொங்கிய காரின் திறப்பை எடுத்தார்.

பிள்ளையைத் திரும்பவும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் ஏறினேன். பொலித்தீனைக் கழற்றியாயிற்று, பின்னால் வெறும் ஓட்டை. பாலத்தைத் தாண்டியதும் புழுதி என் பிடரியில் வந்து அப்பியது. காத்தான்குடிக்கு முதல் ஊரான மஞ்சந்தொடுவாய் வந்ததும் அவர் காரை மெதுவாக்கினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

பதியுதீன் வளவுக்குள் காரை விடச் சொல்லிக் கையால் காட்டினார். அவ்வளவுதான் வரவேற்பு. பிறகு ஓட்டையைச் சுற்றிக் கிடந்த ரப்பரைக் கழற்றி எடுத்தார், விரலால் நசித்தார், மூக்கில் வைத்து மணந்தார்.

"இதுக்கு ஆரு தேங்காயெண்ண பூசின?"

"நான்தான். இளகட்டும் எண்டு."

"மடயன்" என்றார். ஒரு வருசத்துக்குப் பிறகு அவர் என் புருசனுக்கு நேராகச் சொன்ன முதல் சொல் அது. எண்ணெய் பட்டு ரப்பர் ஒரு பக்கம் ஊதிப்போயிருந்தது. சவுக்காரம் போட்டுக் கழுவி, கைறுன்னிஸா கொதிக்க வைத்த தண்ணீரில் ஊறப் போட்டார்.

கண்ணாடிக்கு எங்கே போவது? வளைந்த கண்ணாடி கொழும்பிலும் இல்லை என்றார். தறிக்குப் பின்னாலிருந்து ஒரு பேர்ஸ்பெக்ஸ் தகட்டை, கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக் தகட்டை, இழுத்து எடுத்தார். அவருடைய கடையில் மேசைக்கு மேலே போட்டிருந்தது. ஓரமெல்லாம் உருகி, புகை பிடித்து, தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

"கடையில மிஞ்சினது இது மட்டும்தான். இது வளையும், நொறுங்காது. புள்ளைட முகத்தில பறக்காது."

ஓட்டையின் மேல் பேப்பரை வைத்து அமத்தி அளவெடுத்தார். அந்த அளவுக்குத் தகட்டின் நடுவிலிருந்து வெட்டி, ஓரத்தை அராவினார். வேலை செய்யும்போது என் புருசனிடம் பிடி, விடு, திருப்பு என்பதைத் தவிர ஒரு சொல்லும் பேசவில்லை. இவரும் பிடித்தார், விட்டார், திருப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வளவு முழுக்கச் சிரிப்பாக இருந்த இரண்டு பேர்.

புகையைத் துடைத்தெடுக்கிற வேலையைப் பதியுதீன் எங்கள் இரண்டு பேரிடமும் தந்தார். பழைய சாரத் துண்டும், பித்தளை மினுக்குகிற பிறாசோவும். கைறுன்னிஸா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பாயில் உட்கார்ந்து தேய்த்தோம். ஒரு சின்னப் பிள்ளை தத்தித் தத்தி வந்து தகட்டில் கையை வைத்தது.

"உசனார்ர புள்ள. ஸஹீதா" என்றாள் கைறுன்னிஸா. "வாப்பா மௌத்தாகக்குள்ள இது வயித்தில."

நான் தேய்த்தேன்.

"நாளைக்கு இந்தத் தெரு என்னக் கேக்கும், ஏன் அவங்களுக்குச் செஞ்சு குடுத்த எண்டு."

"என்ன சொல்லுவீங்க?"

"ஒண்டும் சொல்லமாட்டன். கேக்கட்டும். கேக்கிறவங்க வந்து என்ட தங்கச்சிக்கு, உசனார்ர பொண்டாட்டிக்கு, சோறு போடுறாங்களா?" அவள் துணியை மாற்றிப் பிடித்தாள். "உங்களோடயும் எனக்குக் கோவம்தான் ரீச்சர். அது போகல்ல. போகும் எண்டும் நினைக்காதீங்க."

"நான் நினைக்கல்ல" என்றேன்.

சுட்டது நான் அல்ல. கடைக்கு நெருப்பு வைத்ததும் நான் அல்ல. ஆனால் அதைச் செய்தவர்கள் இன்னும் என் ஊரில் என் பேரைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், அவர்களைப் பார்த்து நான் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. வீட்டுக்குள் புருசனைப் பேசுகிற வாய் தெருவில் திறந்ததில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் தேய்த்தேன். மெல்ல மெல்லத் தேத்தண்ணி நிறம் போய், கீழே கிடந்த பாயின் ஓலை தெரிந்தது.

பின்னேரமானபோது பூட்டத் தொடங்கினார்கள். ரப்பரில் இரண்டு பள்ளம் உண்டு. உட்பள்ளத்தில் தகட்டை ஏற்ற வேண்டும். வெளிப்பள்ளம் கூரையின் இரும்பு விளிம்பைக் கவ்வ வேண்டும். அந்த வெளிப்பள்ளத்துக்குள் சுற்றிவர ஒரு கயிற்றை வைத்து, இரண்டு முனையையும் காருக்குள்ளே விடுவார்கள். வெளியே நிற்கிறவர் தகட்டை உள்ளங்கையால் அமத்த, உள்ளே இருக்கிறவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க, ரப்பரின் உதடு விளிம்புக்கு மேலால் புரண்டு உள்ளே வரும். ஒருவரால் செய்கிற வேலை அல்ல. பதியுதீன் தறிக்கயிறு ஒன்றை வெட்டிச் சவுக்காரத் தண்ணீரில் நனைத்தார். என் புருசன் காருக்குள் ஏறி, சீற்றில் முழங்கால் குத்திப் பின்பக்கம் பார்த்தபடி இருந்தார். பதியுதீன் வெளியே நின்றார். நடுவில் அந்தத் தகடு. இரண்டு முகத்துக்கும் இடையில் ஒரு சாண்தான் இருக்கும்.

"இழு" என்றார் பதியுதீன்.

கீழ்ப்பக்கம் சுகமாக வந்தது. பக்கங்களும் வந்தன. வலது மேல் மூலையில், எண்ணெய் குடித்து ஊதிய இடத்தில், ரப்பர் முரண்டு பிடித்தது. பதியுதீன் தோளைக் கொடுத்து அமத்தினார். தகடு வளைந்தது.

"நில்லு. அப்பிடியே பிடிச்சிரு. கயித்த விட்டா முழுக்கக் கழண்டு தகடு வெடிப்பு விட்டிரும். வேற துண்டு இல்ல."

இவர் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். பதியுதீன் தகட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வளவுக்கே கேட்கிற குரலில் கேட்டார்.

"உசனார்ர மையத்து வீட்டுக்கு ஏன் வரல்ல?"

நானும் கைறுன்னிஸாவும் எழும்பி நின்றோம்.

"பதி, கை நோகுது."

"எனக்கும்தான் நோகுது. சொல்லு."

"ரோட்டில அண்டைக்கு..."

"ரோட்ட நான் கேக்கல்ல. உன்னக் கேக்கன்."

இவருடைய நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் வடிந்தது. துடைக்கக் கை இல்லை.

"வெளிக்கிட்டு வந்தன்" என்றார். "மஞ்சந்தொடுவாய் மட்டும் வந்தன். காருக்குக் கூரை போடல்ல. எல்லாருக்கும் என்ட முகம் தெரியும் எண்டு நினச்சன். அதோட கிறுகிற்றன்."

இது எனக்குத் தெரியாது. போனேன் என்றும் சொல்லவில்லை, திரும்பினேன் என்றும் சொல்லவில்லை. ஒரு வருசம் நான் பேசினதெல்லாவற்றையும் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"பயந்தியா?"

"ஓம். பயந்தன்."

"எங்களுக்கா?"

"உங்களுக்கும் பயம். எங்கட ஆக்களுக்கும் பயம். எல்லாத்துக்கும் பயந்தன், பதி."

பதியுதீனின் உள்ளங்கை தகட்டின் மேல் வெளுத்துப்போயிருந்தது.

"நான் இந்த வாசல்ல கதிரை போட்டு வச்சிருந்தன். தமிழன் ஒருத்தனும் வரமாட்டான் எண்டு ஆக்கள் சொன்னாங்க. நான் அவங்களோட சண்டை பிடிச்சன். என்ட ஆள் வருவான் எண்டு சொன்னன். மையத்து எடுக்கும் மட்டும் சொன்னன். அண்டைக்குத் தம்பியையும் குடுத்துப்போட்டு, பொய்யன் எண்ட பேரோடயும் நிண்டன்டா நான்."

உள்ளே இருந்தவரின் முகத்தில் வடிந்தது இப்போது வேர்வை மட்டும் அல்ல. அவர் அதை மறைக்க முடியாது, திரும்ப முடியாது, எழும்பிப் போக முடியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். பதியுதீனும் கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவருக்கு அன்றைக்கு ஆறியிருக்கும், என் பிள்ளையின் மற்றக் கண்ணும் போயிருக்கும். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"ம். இழு."

இவர் இழுத்தார். மூலை புரண்டு உள்ளே வந்தது. கயிறு முழுவதும் அவர் மடியில் விழுந்தது.

அதற்குப் பிறகு கட்டிப்பிடிக்கவில்லை, கை கொடுக்கவில்லை. பதியுதீன் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். கைறுன்னிஸா தேத்தண்ணி ஊற்றினாள். எனக்குக் கையில் தந்தாள். என் புருசனுக்குரியதைப் படியில் வைத்தாள். அவர் அதை எடுத்துக் குடித்தார்.

போகமுன் பதியுதீன் என்னிடம் கேட்டார். "புள்ள எந்தப் பக்கம் இருக்கும்?"

"இடப்பக்கம்."

அவர் காருக்குள் ஏறி அந்த இடத்தில் இருந்தார். முன்னால் தொங்குகிற சின்னக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, அதற்குள்ளால் பின்னே பார்த்தார். எங்கேயோ ஒரு மங்கல் தெரிந்திருக்கவேண்டும். இறங்கி வந்து, தன் சேட்டு நுனியால் அந்த இடத்தைத் திரும்பவும் துடைத்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் நளாயினியைத் தலையணைகளுக்கு நடுவில் இருத்தினோம். கார் வெளிக்கிட்டது. நான் கேற்றில் நின்றேன்.

அவர்கள் திரும்பி வர ஒரு மாதம் ஆனது. கெட்ட கண்ணை எடுத்துவிட்டார்கள். நல்ல கண் தப்பிவிட்டது. புழுதி இல்லாமல், நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று கொழும்பு டொக்டர் சொன்னாராம். நான் பிள்ளையின் முகத்தைப் பிடித்து அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் கேட்க நினைவு வந்தது.

"சென்றியில கண்ணாடியப் பாத்து என்ன சொன்னாங்க?"

நளாயினிதான் சொன்னாள்.

"அண்டைக்கு வேற ஆமி அம்மா. ரேடியோவில கிரிக்கட் கேட்டுக்கொண்டு இருந்தான். போ எண்டு கையக் காட்டினான். பின்கண்ணாடியப் பாக்கவே இல்ல."

பாக்கவே இல்லை. அந்தச் சென்றிக்காக நான் பொட்டோடு காத்தான்குடித் தெருவில் நடந்தேன். ஒரு மனுசன் தன் எரிந்த கடையிலிருந்து மிஞ்சியதை வெட்டிக் கொடுத்தான். இன்னொரு மனுசன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். சென்றியில் நின்ற அந்த ஆமிக்காரனுக்குக் கிரிக்கட். கையில் இருந்த அகப்பையை நான் சுவரில் எறிந்தேன். இவர்களுடைய சென்றியும் சட்டமும் நாசமாய்ப் போக என்று, இந்த முறை தெருவுக்குக் கேட்கத்தான் கத்தினேன்.

"நாளைக்குக் காத்தான்குடிக்குப் போய்ச் சொல்லோணும்" என்றார் அவர். யாரும் போகச் சொல்லாமல் அவராகச் சொன்னார்.

"கண் தப்பினதச் சொல்லுங்க. ஆமி பாக்கல்ல எண்டதச் சொல்லாதீங்க. அந்த ஆளுக்கு அது தெரியவேண்டாம்."

"ஆமி பாக்காட்டி என்ன, நான் பாத்தன்" என்றாள் நளாயினி.

"என்னத்த?"

"தலையத் திருப்பக்கூடா எண்டுதானே இருந்தன். முன்னால தொங்குற கண்ணாடி என்ட பக்கம் திரும்பிக் கிடந்திச்சி. அப்பா அதத் தன்ட பக்கம் திருப்பல்ல. முதல் தரம் போகக்குள்ள அது அப்பாட பக்கம் இருந்திச்சி, ஓரத்தில பொலித்தீன்ட வெள்ளை மட்டும்தான் தெரிஞ்சிது. இந்தத் தரம் நீங்க தெரிஞ்சீங்க. கார் மூலையில திரும்பும் மட்டும் கேற்றில நிண்டீங்க. வாய் ஓயாமப் பேசிக்கொண்டே நிண்டீங்க. ஆரையம்மா அப்பிடிப் பேசின நீங்க?"

"எல்லாரையும்தான்" என்றேன்.